அறுபத்திரண்டுக்குப் பின் அறுபத்தொன்று

முப்பத்தாறு வயதில் 'ஓய்வு பெற்றவர்' என்ற பட்டம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மகளை வீட்டில் இருந்து வளர்ப்பது நான்தான் என்று முடிவானபோது, கடைசி நாள் கேக்கில் 'ஹேப்பி ரிடயர்மென்ட்' என்றுதான் எழுதியிருந்தார்கள். கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே, என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மிளா கேட்டாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. ரீட்டா மேடம் லாபியில நடந்து வந்தா செக்யூரிட்டி அங்கிளே சட்டைய இழுத்து விட்டுக்கிறாரு. நீங்க அட்டை போட்ட புக்குக்கு மறுபடி அட்டை போடுற ஆளு. அவங்க எப்படி அண்ணே உங்களக் கட்டிக்கிட்டாங்க?"

"அது பெரிய கதைலா."

"அப்ப எழுதிக் குடுங்க. எங்களுக்கு அந்த லூஸ்லீஃப் வேலையும் தெரியாது. ரெண்டையும் சேர்த்து எழுதுங்க."

இரண்டையும் சேர்க்காமல் எழுதவும் முடியாது. ஆகவே எழுதுகிறேன். இதில் வரும் ஒரு கட்சிக்காரரின் பெயரையும், அவர் போட்ட மனு எந்த வகை என்பதையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடி.

என் அப்பா குப்பை லாரி ஓட்டியவர். அம்மா உணவங்காடியில் மேசை துடைத்தவர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. மார்சிலிங் வட்டாரத்தில் எங்கள் மூன்றறை வீட்டுக்கு வரும் கடிதங்களை ஏழு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். அம்மாவுக்குத் தலைப்பு மட்டும் போதாது. "அடியில பொடியா என்னமோ இருக்கே, அதையும் படி" என்பார். பெரும்பாலும் அது அச்சகத்தின் பெயராகவோ படிவத்தின் எண்ணாகவோ இருக்கும். அதையும் படிப்பேன். எதையும் கடைசி எழுத்துவரை படிக்கும் பழக்கம் அப்படி வந்தது. பாலிடெக்னிக்கில் தகவல் நிர்வாகம் படித்து, இரண்டு இடங்களில் தற்காலிக வேலை பார்த்து, இருபத்துமூன்று வயதில் சட்ட நூலகத்துக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

நூலகத்தின் தலைவர் மிஸஸ் பிலோமினா. ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாதா கோவிலின் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துபவர். வார நாள்களில் எங்களையும் அப்படியேதான் நடத்தினார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தவறு செய்தால் பென்சிலால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார். முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஏன், எங்கே தவறு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். பாராட்டும் அதே அளவுதான். "ம், பரவால்ல" என்றால் அன்று வீட்டுக்குப் போகும்போது எம்.ஆர்.டி. ரயிலில் இடம் கிடைக்காவிட்டாலும் சிரித்துக்கொண்டே நின்றிருப்பேன்.

ஷர்மிளாவுக்காக லூஸ்லீஃப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் புத்தகம் அடிக்க முடியாது. அதனால் சில சட்ட நூல்களைத் தைக்காமல், வளையம் போட்ட தடித்த அட்டைக்குள் தனித்தனித் தாள்களாக வைத்திருப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பதிப்பகத்திலிருந்து புதிய தாள்கள் ஒரு கட்டாக வரும். ஒவ்வொரு கட்டுக்கும் வரிசை எண் உண்டு. கூடவே ஒரு குறிப்புத் தாள்: இடப்பக்கம் எடுக்க வேண்டிய பக்கங்கள், வலப்பக்கம் செருக வேண்டிய பக்கங்கள். பழையதை எடு, புதியதைச் செருகு. கேட்பதற்கு எளிது. நானூறு பக்கம் மாற்றும்போது எளிதல்ல.

மிஸஸ் பிலோமினாவின் முறைப்படி இந்த வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருவர் குறிப்பை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மாற்ற வேண்டும். எடுத்த பழைய தாள்களை உடனே கிழிக்கக்கூடாது. மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் ஒரு மாதம் இருக்கும். பிறகுதான் அரைக்கும் இயந்திரத்துக்குப் போகும். முடித்ததும் புத்தகத்தின் முதல் தாளில் கட்டின் எண்ணுக்கு நேராக டிக் போட்டுச் சுருக்கொப்பமிட வேண்டும்.

கடைசியாக ஒரு முத்திரை. வழக்கறிஞர் யாராவது ஒரு பக்கத்தின் நகல் கேட்டால், புத்தகத்தில் எல்லாக் கட்டுகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, நகலின் மூலையில் 'இன்றைய நிலவரப்படி சரி' என்ற நீல முத்திரையைக் குத்தி, கையொப்பமிட்டுக் கொடுப்போம். அந்த முத்திரை இருந்தால் எங்கள் நிறுவனத்தில் யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. கணினியில் எல்லாம் வந்துகொண்டிருந்த காலம்தான். ஆனாலும் அந்த நீல முத்திரைக்கு அவ்வளவு மதிப்பு.

நான் சேர்ந்த நான்காம் ஆண்டில் ரீட்டா வந்தார். அப்போது வழக்கறிஞராகி மூன்று ஆண்டு. அப்பா மருத்துவர், தாத்தா காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய கோட்டில் ஒரு மடிப்புக்கூட இடம் மாறி விழாது. பேச்சும் அப்படித்தான்: ஒரு வாக்கியம், ஒரு முற்றுப்புள்ளி, அடுத்த வாக்கியம். என்னிடம் முதலில் கேட்டது ஒரு பழைய மலாயாத் தீர்ப்பு. இரவல் கொடுத்த மாடு செத்துப்போனால் யார் பொறுப்பு என்ற வழக்கு. எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே கடைசி இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு மூடினார்.

"தேங்க்ஸ். முடிவு மட்டும் போதும்."

"முன்னாடி பதினோரு பக்கம் இருக்கு மிஸ். அந்த மாடு சாகவே இல்ல."

அவர் என்னை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மதியம், கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார்.

"ஓகே. அந்த மாட்டுக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேறு பெயர் வைத்து வண்டியில் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்ததையும், சாட்சிக் கூண்டில் நின்ற மாட்டுக்காரக் கிழவர் வெளியே கட்டியிருந்த மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அது திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். மிஸஸ் பிலோமினாவின் பென்சில் இரண்டு தட்டு தட்டியது.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று மதியங்கள் வருவார். அவர் தீர்ப்பின் முடிவைச் சொல்வார், நான் கதையைச் சொல்வேன். சில நாள் அவருடைய தமிழைத் திருத்தச் சொல்லிக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஓர் இடத்துக்கு அவர் போய்வந்தார். அங்கே தமிழ் தேவைப்பட்டது. என் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், இருந்தது. ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை. நாற்பது மாடிக் கட்டடத்தில் அவர் முப்பத்தெட்டாவது மாடி, நான் ஜன்னல் இல்லாத ஐந்தாவது மாடி. வீட்டில் அம்மா, "ஆபீஸ்ல யாரையாச்சும் பாத்து வச்சிருக்கியா?" என்று கேட்டால், "புஸ்தகத்தைத்தான் பாக்குறேன்" என்பேன்.

இனி, தவறு.

ஒரு வியாழக்கிழமை. மிஸஸ் பிலோமினா பல் மருத்துவரிடம் போயிருந்தார். நீதிமன்ற நடைமுறை நூலுக்கு அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று இரண்டு கட்டுகள் ஒரே வாரத்தில் வந்து தள்ளுவண்டியில் கிடந்தன. மறுநாள் இருவருமாகச் செய்ய வேண்டியவை. ரீட்டா வந்தார். புதிதாக எடுத்திருந்த வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டு தள்ளுவண்டியின் மேல் சாய்ந்து நின்றார். வெறும் கையோடு நிற்க எனக்குக் கூச்சம். கைக்குக் கிடைத்த கட்டைப் பிரித்து, குறிப்பைப் பார்த்துத் தாள்களை மாற்ற ஆரம்பித்தேன். பேச்சைக் கேட்டுக்கொண்டே வேகமாகச் செய்வதில் ஒரு பெருமை வேறு. அவர் போன பிறகு, வண்டியின் கீழ்த்தட்டில் இன்னொரு கட்டு கிடப்பதைப் பார்த்தேன். அதையும் முடித்துவிட்டால் மிஸஸ் பிலோமினா "பரவால்ல" என்பார் என்று நினைத்து முடித்தேன். முதல் தாளில் 61, 62 என்று வரிசையாக இரண்டு டிக். அழகாக இருந்தது.

நான் முதலில் செருகியது அறுபத்திரண்டு. பிறகு செருகியது அறுபத்தொன்று.

வெளியாள்களுக்கு இது புரியாது. எங்கள் தொழிலில் இதைவிட மோசமான ஒன்று கிடையாது. அறுபத்தொன்றின் குறிப்பு 'இந்தப் பக்கத்தை எடு' என்று சொன்னபோது, நான் எடுத்தது ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நானே செருகிய அறுபத்திரண்டின் புதுப் பக்கத்தை. அதாவது புதிய சட்டத்தைப் பிடுங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, பழைய சட்டத்தைப் பத்திரமாக மாட்டிவைத்தேன். டிக் இரண்டும் இருந்ததால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை, ரீட்டா ஒரு நகல் கேட்டார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கட்சிக்காரர் ஒருவரின் கோரிக்கை அன்று காலை தள்ளுபடியாகியிருந்தது. மேலே போக அனுமதி கேட்டு மனுப் போடக் காலக்கெடு எவ்வளவு என்ற பக்கம் அவருக்கு வேண்டியிருந்தது. முதல் தாளைப் பார்த்தேன். இரண்டு டிக். நகல் எடுத்தேன், நீல முத்திரை குத்தினேன், கையொப்பமிட்டேன். ஒரு மாதம் என்று இருந்தது.

"குட். அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலைப் பணி எனக்கு. பழைய தாள் பெட்டியைக் காலி செய்யும் நாள். இயந்திரத்தில் பத்துப் பத்தாக விட்டுக்கொண்டிருந்தேன். கண் பழக்கப்படி தாளின் அடிப்பக்கம் போயிற்று. ஒவ்வொரு தாளின் அடியிலும் அது எந்தக் கட்டில் வந்தது என்று பொடி எழுத்தில் இருக்கும். 'கட்டு 62' என்று இருந்தது. குப்பைக்குப் போகும் தாளில் அறுபத்திரண்டு இருக்கக்கூடாது. அதுதான் கடைசியாக வந்தது. புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். உள்ளே இருந்த பக்கத்தின் அடியில் 'கட்டு 61'.

இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பெட்டியில் மிச்சமிருந்த தாள்களைத் துழாவியதில் காலக்கெடுப் பக்கம் அகப்பட்டது. ஒரு மாதம் இல்லை. பதினான்கு நாள்.

கோரிக்கை தள்ளுபடியான திங்களிலிருந்து எண்ணினேன். அன்று பன்னிரண்டாம் நாள்.

மிஸஸ் பிலோமினாவுக்கு போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். அந்தப் பக்கம் பென்சில் தட்டும் சத்தம்கூட இல்லை.

"அந்தப் புக்குல இருந்து எத்தனை நகல் போயிருக்கு? ரெஜிஸ்டரப் பாரு."

"ஏழு மேடம். ஆறு வேற பக்கம், மாறாத பக்கம். பாத்துட்டேன். ஏழாவது மிஸ் ரீட்டாவோடது."

"ரீட்டாவுக்கு அடிச்சியா?"

"போன் ஆஃப்ல இருக்கு."

"ஆஃப்லதான் இருக்கும். எங்க கோவில் தியானத்துக்குப் போயிருக்கா. போனெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க. நாளைக்கு மத்தியானம்தான் விடுவாங்க."

"இடம் எங்கன்னு சொல்லுங்க மேடம், நேரா போறேன்."

"நம்ம தீவுலயே இல்ல. படகு ஏறிப் போயிருக்காங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு நேரா லிட்டில் இந்தியா ஆபீசுக்கு வருவா. அந்த ஆளும் அங்கதான் வருவாரு. நீ அங்க போயி நில்லு. மெசேஜ்ல எழுதாத. உன் வாயால சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "பார்ட்னருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

பார்ட்னரான பெரிய வழக்கறிஞர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். கோப்பு ரீட்டாவிடம் இருப்பதால் அவரைப் பிடிக்கும்படியும், திங்கள் காலை மனுவைத் தாம் பார்த்து அனுமதிப்பதாகவும் பதில் அனுப்பினார். நான் அன்று தூங்கினேனா என்று கேட்காதீர்கள். வேலை போகும் என்று நினைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இரண்டு இருந்தன. ஒன்று, பெயர் மட்டும் தெரிந்த அந்த மனிதரின் வழக்கு. இன்னொன்று, ரீட்டா இனிமேல் என் முத்திரையை எப்படிப் பார்ப்பார் என்பது.

ஞாயிறு மதியம் சிராங்கூன் ரோட்டில் நடப்பது ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது மாதிரி. தீவின் எல்லாத் திசையிலிருந்தும் வந்த ஊழியர்கள் நடைபாதை முழுக்க நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பூக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் அந்த உதவி மையம். படிக்கட்டில் முறைக்காகக் காத்திருந்தவர்களைத் தாண்டி ஏறினேன். உள்ளே, மேசைக்கு அந்தப் பக்கம் ரீட்டா. தியானத்திலிருந்து நேராக வந்தவர் என்று சொல்ல முடியாது, அப்போதும் சட்டைக் கழுத்து விறைப்பாகத்தான் நின்றது. எதிரே நாற்பது வயதுக்காரர் ஒருவர், இடது கையை மடியில் கவிழ்த்து வைத்தபடி. அவர்தான் வேல்முருகன். பூன் லே பக்கம் விடுதியில் தங்கி, கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை பார்த்தவர். அந்தக் கையில் மூன்று விரல்கள் இல்லை.

"என்ன தம்பி, பரீட்சையில பெயிலாகி வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றீங்க?" என்றார் அவர்.

ரீட்டா நிமிர்ந்து பார்த்தார். "தனா? இங்க என்ன?"

நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். எந்தக் கட்டை முதலில் செருகினேன், எதைப் பிறகு செருகினேன், எந்தத் தாள் எங்கே அகப்பட்டது, எல்லாம். பெட்டியிலிருந்து எடுத்த பக்கத்தை மேசையில் வைத்தேன். அவர் கோப்பைத் திறந்து என் நீல முத்திரை குத்திய நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டின் அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து காலையில பதினொன்றரை."

"யாருக்குத் தெரியும்?"

"மிஸஸ் பிலோமினா. பார்ட்னர். இப்ப நீங்க."

"எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

"நாளைக்குக் கடைசி நாள்."

அவர் பேனாவை மூடினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஓகே," என்றார். "அப்ப டைம் இருக்கு. இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. என் தமிழ்ல சொன்னா இவரு பயந்துருவாரு."

வேல்முருகனிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சட்டப் புத்தகம், வளையம், தாள் என்று எல்லாவற்றையும் விளக்கி, நேற்று பார்க்காமல் விட்டிருந்தால் கெடு முடிந்திருக்கும், உங்கள் வழக்கை அதற்கு மேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அது என்னால் நடந்திருக்கும் என்று முடித்தேன்.

"எங்க யார்டுல சாரம் கட்டி முடிச்சா பச்சை அட்டை மாட்டுவாங்க தம்பி. ஏறலாம்னு அர்த்தம். அட்டையில ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான். நாங்க அத நம்பித்தான் ஏறுவோம்." மடியில் இருந்த கையைத் தூக்கி மேசையில் வைத்தார். "அன்னைக்கு ஒருத்தன் தப்பா மாட்டிட்டான். அவனுக்கு அது மத்தியானமே தெரியும். சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு இருந்தான். உங்கள மாதிரி ஓடி வந்திருந்தா நான் இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

அவரே பிறகு, "சரி, எங்க கையெழுத்துப் போடணும்? வலது கை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ரீட்டா அதற்குள் குறிப்பேட்டைத் திருப்பிவிட்டிருந்தார். ஆனால் அவர் எழுதியது வேறு. "தனா, இப்ப என்ன சொன்னாரு? அவனுக்கு மத்தியானமே தெரியும்னாரா? இத என்கிட்ட ஏன் சொல்லல?"

வேல்முருகன் சிரித்தார். "நீங்க கேக்கலியே மேடம். 'விபத்து எத்தனை மணிக்கு? எந்தக் கை?' அவ்வளவுதானே கேட்டீங்க. பதில் சொன்னேன்."

அன்று மாலை ஆறுவரை அந்த மேசையில் இருந்தோம். அவர் ஊர்க்கதை மாதிரி ஆரம்பத்திலிருந்து சொல்ல, நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, ரீட்டா தட்டச்சு செய்தார். அட்டை மாட்டியவன் மேலே சொல்லப் பயந்து, மத்தியானம் எந்தக் கூட்டாளியிடம் மட்டும் அதைச் சொன்னான் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. இடையில் கீழே போய் மூன்று கோப்பை தே தாரேக் தேநீர் வாங்கி வந்தேன். ரீட்டா கோப்பையை உதட்டில் வைத்தபடியே, "பதினோரு பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேல்முருகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

திங்கள் காலை பெரிய வழக்கறிஞர் மனுவைப் பார்த்து இரண்டு சொற்களை மாற்றினார். பத்தரைக்கு வேல்முருகன் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டார். இரண்டே முக்காலுக்கு மனு கணினிவழி நீதிமன்றத்துக்குப் போயிற்று. மூன்று மணிக்கு ஏற்றுக்கொண்டதற்கான பதில் வந்தது. ரீட்டா நூலகத்துக்குள் வந்து, காலணிகளைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மிஸஸ் பிலோமினா பார்த்தும் பென்சிலைத் தொடவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முட்டாள்தனமாகச் சிரிப்பு வந்தது.

அனுமதி கிடைத்ததையும், பல மாதம் கழித்து வேல்முருகன் பக்கமே தீர்ப்பானதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் என்னுடைய விசாரணை மறுநாள் நடந்தது.

செவ்வாய் காலை மிஸஸ் பிலோமினா ஒரு படிவத்தை என்முன் வைத்தார். நூலகத் தவறு அறிக்கை. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாம் எழுதினேன். ஐந்தாவது கட்டம்: 'கவனம் தவறியதற்கான காரணம்'. 'வேலைப்பளு' என்று எழுதிக் கொடுத்தேன்.

பென்சில் இரண்டு தட்டு.

"வேலைப்பளுவா? அன்னைக்கு வண்டியில ரெண்டே கட்டு."

அடித்துவிட்டு, 'தனியாகச் செய்தேன்' என்று எழுதினேன்.

"அது எப்படிச் செஞ்சேன்ற விஷயம். ஏன் செஞ்சேன்னு கேக்குது. நாளைக்கு வேற ஒருத்தர் இதே தப்பச் செய்யக்கூடாதுன்னுதான் இந்த ஃபார்மே. பொய் எழுதினா எதுக்கு இது?"

புதிய படிவம் வந்தது. பொய் எழுதாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: 'கட்டுகளை மாற்றும்போது மிஸ் ரீட்டா தள்ளுவண்டியின் அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டின் எண்ணைப் பார்ப்பதற்குப் பதில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது முதல் முறை அல்ல.'

மிஸஸ் பிலோமினா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"ம், பரவால்ல," என்றார். "இப்ப இதுல பாதிக்கப்பட்ட வழக்கறிஞர் கையெழுத்து வேணும். ஏழாவது கட்டம்."

எனக்கு அந்தக் கட்டம் இருப்பதே தெரியாது. "வேணாம் மேடம். ப்ளீஸ். நான் வேற எழுதிர்றேன்."

"எழுதியாச்சு. ப்ரொசீஜர்லா. முப்பத்தெட்டாவது மாடி. போ."

"நீங்க குடுத்து வாங்கிருங்க மேடம்."

"நானா தப்பு செஞ்சேன்?"

மின்தூக்கியில் ஐந்திலிருந்து முப்பத்தெட்டுவரை அந்தத் தாளை நான்காக மடிக்கலாமா, தின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். ரீட்டாவின் அறைக் கதவு திறந்திருந்தது. படிவத்தை நீட்டினேன். "ஏழாவது கட்டத்துல சைன் மட்டும் போட்டாப் போதும் மிஸ். மத்ததெல்லாம் வழக்கமான விவரம்தான்."

அவர் பேனாவை எடுத்து நேராக ஏழாவது கட்டத்துக்குப் போனார். ஒரு கணம் பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பேனா நின்றது. ரீட்டா படிவத்தைத் தூக்கி, மேலிருந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். என்னைச் சந்தித்த நாளிலிருந்து அவர் எதையும் அவ்வளவு மெதுவாகப் படித்து நான் பார்த்ததில்லை. ஐந்தாவது கட்டத்துக்கு வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டேன். கீழே கடலில் கப்பல்கள் வரிசையாக நின்றன. அத்தனையையும் எண்ணிவிட்டேன்.

"தனா."

"மிஸ்."

"இதுல எழுதியிருக்கிறது ஸ்டேட்மென்டா? நான் உங்கள க்ராஸ் எக்ஸாமின் பண்ணலாமா?"

"பண்ணலாம் மிஸ்."

"'முதல் முறை அல்ல'ன்னா எப்பருந்து?"

"அந்த மாடு கேஸ்லருந்து."

அவர் மூக்குக்கு மேல் கொஞ்சம் சிவந்தது போலிருந்தது. அவ்வளவு நேர்த்தியான முகத்தில் அது எழுத்துப்பிழை மாதிரி தெரிந்தது. ஏழாவது கட்டத்தில் கையெழுத்துக்கு மேலே 'வழக்கறிஞரின் கருத்து' என்று ஒரு கோடு உண்டு. அதில் இரண்டே சொல் எழுதி, கையொப்பமிட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மிஸஸ் பிலோமினாகிட்டக் குடுத்துருங்க. ஒரு நகல் எனக்கு வேணும். ஸ்டாம்ப் குத்தி."

மின்தூக்கியின் கதவு மூடிய பிறகுதான் படித்தேன்.

'ஆட்சேபணை இல்லை.'